காரும் செல்போனும்: கல்யாணம் ஆச்சு, பேச்சுவார்த்தை இல்லை!



"நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற?"

இந்தக் கேள்வியைச் சந்திக்காத ஈ.சி.இ. மாணவர் நம்மிடையே ஒருவர்கூட இருக்க மாட்டார். பக்கத்து வீட்டு மிக்சி ஓடவில்லை என்றாலும் நாம்தான். எதிர்வீட்டுப் பாட்டியின் டி.வி. ரிமோட் மக்கர் பண்ணினாலும் நாம்தான். பேட்டரியைக் கழற்றி, துணியில் துடைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரு காபியும் குடித்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் பெயரைக் காப்பாற்றிக் கொண்டிருந்தேன், என் தாய்மாமாவின் காரில் அந்த டச் ஸ்கிரீன் செட் மாட்டும் வரை.

மாமா மதுரையில் வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டி. சொந்தம் என்றால் பாதி மாமாவுக்கு, மீதி கடன் கொடுத்தவர்களுக்கு. லீவு நாட்களில் லக்கேஜ் ஏற்றி இறக்க நானும் கூடப் போவேன். சவாரி முடிந்ததும் பரோட்டா உறுதி.

அந்த செட் வந்ததிலிருந்து எங்கள் சண்டை தொடங்கியது. ஒரு நாள் போன் தானாகச் சேரும், மறுநாள் சேராது. பாட்டு வரும், கால் வராது. கால் வரும், மேப் பேசாது. "என்னடா மாப்ள இது, நேத்து வேலை செஞ்சது இன்னைக்குச் செய்யலங்குது?" என்று மாமா கேட்பார். நான் ப்ளூடூத்தை ஆஃப் செய்து ஆன் செய்வேன். அதற்கு மேல் என் படிப்பு எனக்குக் கை கொடுக்கவில்லை.

அந்த ஒரு சவாரி

2024 வைகாசி. ஏர்போர்ட்டிலிருந்து காரைக்குடிக்கு ஒரு கல்யாண வீட்டுக் குடும்பம். வயதான தம்பதியர், மகள், பேரன். ஏ.சி. இதமாக ஓடுகிறது, பாட்டு மெல்லிசாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேலூர் தாண்டியதும் பாட்டு நின்றது. ஸ்கிரீனில் பெரிய எழுத்தில் "வண்டி டியூ" என்று வந்தது. மாமா அந்த நம்பரை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்.

கட் செய்ய நினைத்து ஸ்கிரீனைத் தொட்டார். பட்டது பச்சை பட்டன்.

"சார், ரெண்டு மாசம் பாக்கி. வண்டியை எடுக்க ஆள் அனுப்பட்டுமா?" என்று நான்கு ஸ்பீக்கரிலும் குரல் முழங்கியது.

மாமா பதறிப்போய் ஸ்கிரீனில் அங்கே இங்கே தட்டினார். குரல் நிற்கவில்லை, சத்தம்தான் கூடியது. கண் ரோட்டில் இல்லை. நான் "மாமா!" என்று கத்தினேன். முன்னால் ஒரு பெரியவர் மொபெட்டில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தார். பிரேக் பிடித்த பிடியில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். மொபெட்டுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

வண்டியை ஓரம் கட்டினோம். யாரும் பேசவில்லை. கடைசியில் பின்சீட்டுப் பெரியவர்தான், "விடுங்க தம்பி, எல்லார் வீட்லயும் இருக்கறதுதான். மெதுவாப் போங்க" என்றார். அந்த ஆறுதல் வார்த்தைதான் மாமாவை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். காரைக்குடி வரை அவர் வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற?"

அன்றிலிருந்து மாமா ப்ளூடூத்தையே அணைத்துவிட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டத் தொடங்கினார். மானம் போவதற்கு இது மேல் என்று அவர் கணக்கு. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. அதற்குப் பிறகுதான் இதை முறையாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கல்யாணம் வேறு, பேச்சுவார்த்தை வேறு

முதலில் ஒரு சின்ன வரலாறு. ப்ளூடூத் வேலையை 1994-ல் தொடங்கியது சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம். 1998-ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்தும் கூட்டுச் சேர்ந்தன. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. பிரிந்து கிடந்தவர்களை அவர் ஒன்று சேர்த்தாராம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நம் வண்டியில் அது செய்கிற வேலையைப் பார்த்தால் அரசர் வருத்தப்படுவார்!

இதில் வேலை செய்வது வேறு யாருமல்ல, நம் லேபில் டிரெய்னர் கிட்டில் பார்த்து, ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குகிறோமே, அந்த எஃப்.எஸ்.கே.யின் சொந்தக்காரன்தான். பிட்டுகளின் கூர்மையான விளிம்பைக் காசியன் ஃபில்டரால் மழுக்கி அனுப்பினால் அது ஜி.எஃப்.எஸ்.கே. ப்ளூடூத்தின் அடிப்படை மாடுலேஷன் இதுவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 79 சேனல்களுக்குள் ஒரு விநாடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் பேசுகிறது. இரண்டு கருவிகளும் ஒரே தாளத்தில் தாவ வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். போனையும் காரையும் முதன்முதலில் சேர்க்கும்போது இரண்டு ஸ்கிரீனிலும் ஒரே ஆறு இலக்க எண் வருகிறதல்லவா? அதுதான் பேரிங். அதாவது கல்யாணம். அப்போது இரண்டும் சேர்ந்து 128 பிட் ரகசியச் சாவி ஒன்றை உண்டாக்கி, ஆளுக்கொரு பிரதியைத் தங்கள் மெமரியில் வைத்துக்கொள்கின்றன. கல்யாணம் ஒரு தடவைதான். அதற்குப் பிறகு தினமும் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது நடப்பது கனெக்‌ஷன். அதாவது பேச்சுவார்த்தை. இரண்டு சாவியும் பொருந்தினால்தான் பேச்சு.

நாம் செய்கிற தப்பு என்ன? சேரவில்லை என்றதும் போனில் மட்டும் காரின் பெயரை அழிக்கிறோம். காரின் மெமரியில் பழைய சாவி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விவாகரத்து! கார் பழைய சாவியை நீட்ட, போன் "யார் நீ?" என்று கேட்க, ஸ்கிரீனில் "கனெக்‌ஷன் ஃபெயில்டு". அழிப்பதானால் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். எங்கள் சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்தது.

பாட்டு வருது, கால் வரல!

நாம் ப்ளூடூத்தை ஒரே கம்பி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரே வீட்டுக்குள் தனித்தனி வேலைக்காரர்கள் இருப்பதைப் போல, தனித்தனி புரொஃபைல்கள் இருக்கின்றன. போன் பேச்சுக்கு ஹெச்.எஃப்.பி. பாட்டுக்கு ஏ2டி.பி. பாட்டை நிறுத்த, அடுத்ததற்கு மாற்ற ஏ.வி.ஆர்.சி.பி. போனில் இருக்கும் பெயர், நம்பர்களைக் காருக்குக் கொடுக்க பி.பி.ஏ.பி. ஒருவர் லீவு போட்டால் மற்றவர்கள் வேலையைத் தொடர்வார்கள். அதனால்தான் பாட்டு வருகிறது, கால் வருவதில்லை.

ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். கால், மீடியா, கான்டாக்ட் என்று தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். எனக்கு இதைக் கண்டபோது புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. மாமாவின் மானத்தை வாங்கியது ஹெச்.எஃப்.பி.யும் பி.பி.ஏ.பி.யும் சேர்ந்து செய்த வேலை. ஒன்று குரலை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோனது, இன்னொன்று "வண்டி டியூ" என்ற பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டியது.

பாட்டு தெளிவாக இருக்க, கால் மட்டும் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது? இதற்கும் பதில் நம் பாடத்திலேயே இருக்கிறது. பழைய முறையில் போன் பேச்சு விநாடிக்கு 8000 சாம்பிள். நைக்விஸ்ட் விதிப்படி 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தப்பாது. புதிய முறையில் 16,000 சாம்பிள். ஆனால் போன், கார் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். பாட்டு வழக்கமாக 44,100 சாம்பிள். வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்! போதாததற்கு ஏ.சி. காற்றை மைக் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தால், அந்தப் பக்கம் கேட்பவருக்குப் புயல் எச்சரிக்கைதான்.

விருந்தாளி கூட்டம்

அடுத்த தலைவலி, காரின் பட்டியல். வாடகை வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு இளவட்டமும், "அண்ணே, என் போன்ல பாட்டு போடவா?" என்று கேட்கும். மாமா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நான் பட்டியலைத் திறந்து பார்த்தபோது பத்துப் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்பது யார் யாருடையதோ. மிச்சமிருந்த ஒன்று மாமாவுடையதுதான், ஆனால் உடைந்துபோன பழைய போன்!

ஒவ்வொரு செட்டும் இத்தனை போன்தான் நினைவில் வைக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. நிறைந்துவிட்டால் சில செட்டுகள் புதிய போனைச் சேர்க்க மறுக்கும், சில பழையதைத் தூக்கிப் போடும். இன்னொன்று, பெரும்பாலான செட்டுகள் ஸ்டார்ட் ஆனதும் கடைசியாகப் பேசிய போனைத்தான் முதலில் தேடும். முந்தின நாள் சவாரிக்காரர் டீக்கடையில் பக்கத்தில் நின்றால் போதும், அவர் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும். மாமா போன் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதில் சிரிப்புக்கு அப்பாற்பட்ட ஒரு விஷயமும் உண்டு. சேர்க்கும்போது "கான்டாக்ட்டைப் பகிரவா?" என்று கேட்டதற்குச் சரி என்று தட்டியிருந்தால், அந்தப் பயணியின் வீட்டு நம்பர், ஆபீஸ் நம்பர், யாருக்கு எப்போது பேசினார் என்பது வரை காருக்குப் போயிருக்கும். சில செட்டுகள் அதைச் சேமித்தும் வைக்கும். வாடகைக் காரில் ஏறினாலும் சரி, சொந்தக் காரை விற்றாலும் சரி, இறங்குவதற்கு முன் நம் பெயரை அழித்துவிட்டு இறங்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியை எடுத்துக்கொள்வதில்லையா, அது போல.

கேபிள் என்னும் ஏமாற்றுப் பேர்வழி

"ப்ளூடூத் வேணாம்டா மாப்ள, ஒயரே மாட்டிப்புடுவோம்" என்று மாமா ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் கேபிள் வாங்கி வந்தார். போன் சார்ஜ் ஏறியது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை.

சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. விலை குறைந்த சில கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. அவை சார்ஜ் மட்டும் ஏற்றும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். போனுக்குள் இருக்கும் போட்டோக்களைத் திறக்க முடிந்தால் அது டேட்டா கேபிள். அதே மாதிரி, காரில் இருக்கும் எல்லா யு.எஸ்.பி. துளையும் ஒன்றல்ல. பல வண்டிகளில் ஒன்றுதான் செட்டோடு சேர்ந்தது, மற்றவை சார்ஜுக்கு. போனின் துளையில் சட்டைப்பை நூலும் தூசியும் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்தால் போதும், ஊசி வேண்டாம்.

இன்னொரு புகார்: "ஒயர் மாட்டியும் சார்ஜ் இறங்குதே!" சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். வெயிலில் முழு வெளிச்சத்தோடு மேப் ஓடும் போன் அதையும் தாண்டிச் சாப்பிடும். வரவு எட்டணா, செலவு பத்தணா!

2014-ல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் போனின் மேப்பையும் பாட்டையும் கார் ஸ்கிரீனிலேயே காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் ஒரு வேடிக்கை: கேபிள் மாட்டினாலும் போன் பேச்சு மட்டும் ப்ளூடூத் வழியாகத்தான் போகும். அதனால்தான் நாம் அணைத்து வைத்த ப்ளூடூத் தானாக விழித்துக்கொள்கிறது. ஒயர் இல்லாத முறையிலோ, ப்ளூடூத் தரகர் மாதிரி அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். படமும் பாட்டும் வைஃபையில் போகும். ஆகவே போனில் வைஃபையை அணைத்து வைத்தால் ஒயர்லெஸ் வேலை செய்யாது. பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூல காரணம்

நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை? மாமாவின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: வயசு வித்தியாசம். போனில் இருக்கும் சாஃப்ட்வேர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. காரில் இருப்பதோ பெரும்பாலும் வாங்கிய அன்று இருந்தபடியே கிடக்கிறது. போனை மூன்று நான்கு வருடத்தில் மாற்றுகிறோம், காரைப் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுகிறோம். பேரனின் பேச்சு தாத்தாவுக்குப் புரியாமல் போகிறது, அவ்வளவுதான். இதில் ஓட்டுகிறவர் மேல் தப்பே இல்லை. "எனக்குத்தான் படிப்பு இல்ல, தெரியல" என்று மாமா வெட்கப்பட்டாரே, அதற்கு அவசியமே இல்லை.

மாமாவுக்குச் செய்த வைத்தியம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். செட்டின் பட்டியலில் இருந்த பத்தையும் அழித்தேன். போனிலும் அழித்தேன். இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து புதிதாகச் சேர்த்தேன். கான்டாக்ட் சுவிட்ச் ஆஃப். கால் சுவிட்சைக் காட்டி, "மாமா, இதையும் அணைச்சா பாட்டும் மேப் குரலும் மட்டும் ஸ்பீக்கர்ல வரும். போன் பேச்சு போன்லயே நின்னுடும். என்ன சொல்றீங்க?" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சவாரி கால் வந்தா?"

"ஓரம் கட்டிட்டுத் திருப்பிக் கூப்பிடுங்க மாமா. ஓட்டும்போது தோள்ல இடுக்கிப் பேச மட்டும் கூடாது."

கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கும் மேல். ஸ்கிரீனை மூன்று விநாடி பார்த்தால் 50 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்தப் புல்லுக்கட்டுக்காரர் எவ்வளவு தூரத்தில் இருந்தார்? ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவதை, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. முதல் தடவையே ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அபராதத்தைவிட அந்தப் பெரியவரின் முகம்தான் மாமாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சரிதான் மாப்ள. போற சவாரியப் பாக்காம வர்ற சவாரியப் பாத்து என்ன ஆகப்போகுது? அணைச்சிரு" என்றார்.

அதோடு எங்கள் வீட்டில் ஒரு விதி போட்டுக்கொண்டோம்: போனைச் சேர்ப்பதோ, மேப்பில் ஊர் பெயர் போடுவதோ, எதுவானாலும் வண்டி நகர்வதற்கு முன். நகர்ந்த பிறகு சேரவில்லை என்றால் சேராமலே போகட்டும். பாட்டு இல்லாமல் காரைக்குடி போய்ச் சேரலாம்.

போன மாதம் மறுபடி மாமாவோடு போனேன். ஒரு காலேஜ் பையன் ஏறியதும், "அண்ணே, என் போனை கனெக்ட் பண்ணிக்கவா?" என்றான்.

"தாராளமா பண்ணிக்க தம்பி. கான்டாக்ட் கேட்டா வேணாம்னு குடு. இறங்கும்போது உன் கண்ணு முன்னாடியே பேரை அழிச்சிடுவேன். உன் வீட்டு நம்பரெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார் மாமா. பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். "எல்லாம் என் மாப்ள சொல்லிக் குடுத்தது. அவன் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நண்பர்களே, டிப்ளமோ வாங்கும் நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்குமா என்று தெரியவில்லை. எஃப்.எஸ்.கே.யும் நைக்விஸ்டும் பரீட்சைக்கு மட்டும் வந்த விஷயங்கள் அல்ல. நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்குள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒரு மாமா, ஒரு அண்ணன், ஒரு அத்தை இந்த செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். "எனக்குத் தெரியல" என்று வெட்கத்தோடு வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, வண்டியை நிறுத்தி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

பரோட்டா நிச்சயம் கிடைக்கும்!